ராகு காலத்தில் இட்டிலி

கலியாணத்துக்கு நாள் பார்ப்பது ஜோசியர் வேலை. நேரம் குறித்துக் கொடுப்பதும் அவர் வேலைதான். ஆனால் அந்த நேரத்துக்குள் அத்தனை பேரையும் குளிக்க வைத்து, உடுத்த வைத்து, சாப்பிட வைத்து, பந்தலில் கொண்டுவந்து உட்கார வைப்பது யார் வேலை என்று எந்தப் பஞ்சாங்கத்திலாவது போட்டிருக்கிறதா? இல்லை. அது உங்கள் வேலை, என் வேலை. உள்ளூர் மண்டபத்திலேயே இந்தப் பாடு என்றால், கலியாணத்தை மலைமேல் ஓர் ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

இப்போது அதுதான் நாகரிகமாக இருக்கிறது. 2018 நவம்பரில் தீபிகா படுகோனும் ரண்வீர் சிங்கும் இத்தாலி தேசத்தில் கோமோ ஏரிக்கரையில் கலியாணம் செய்துகொண்டார்கள் அல்லவா? அந்தப் படங்களைப் பார்த்தது முதல், தண்ணீர் ஓரத்தில்தான் தாலி ஏறவேண்டும் என்று நம் வீட்டுப் பெண்களுக்கும் ஆசை. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் அக்காள் மகளும் கேட்டாள். திண்டுக்கல்காரர்களான எங்களுக்கு அந்த ஆசை இன்னும் ஒரு பங்கு ஜாஸ்தி. எங்கள் ஊரில் தண்ணீர் என்பது வேடிக்கை பார்க்கும் வஸ்து அல்ல. குடத்தில் பிடித்து வைக்கும் வஸ்து! இத்தாலிக்குப் போக வசதி ஏது? எங்களுக்கு வாய்த்த கோமோ, கொடைக்கானல்.

அந்த ஏரியும் தானாக உண்டானதல்ல. மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் துரை 1863-ல் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கி உண்டாக்கியது. சுமார் அறுபது ஏக்கர். நட்சத்திரம்போல் கைகளை நீட்டிக்கொண்டு கிடக்கும். சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். எங்களுக்குக் கிடைத்த ஓட்டல் புல்வெளியிலிருந்து அதில் ஒரு கைதான் தெரிந்தது. அது போதும், தாலி கட்டும்போது யார் ஏரியைப் பார்க்கப் போகிறார்கள்?

அந்த ஓட்டல் பையன் அழகாக டைப் அடித்த நேர ஜாபிதா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். "மணமகள் பிரவேசம் 9-07" என்று நிமிஷக் கணக்கோடு போட்டிருந்தது. ரெயில்வேக்காரர்கள்கூட அப்படிப் போடத் தயங்குவார்கள். போட்டோக்காரருக்கு இடம் இருந்தது. பூ அலங்காரத்துக்கு இடம் இருந்தது. உக்கிராணத்தில் இருப்பவர்கள் எப்போது பந்தலுக்கு வருவார்கள் என்பதற்கு மட்டும் இடம் இல்லை.

அதை ஏன் பெரிய விஷயமாகச் சொல்லுகிறேன் என்றால், எங்கள் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பதினேழு கலியாணங்களுக்கு உக்கிராணச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. ஒன்றிலாவது அவர் தாலி கட்டுவதைப் பார்த்ததில்லை. கெட்டிமேளம் கேட்டதும் அட்சதையை உக்கிராண வாசற்படியில் நின்றபடியே போட்டுவிட்டு, மறுபடியும் சர்க்கரை அளக்கப் போய்விடுவார். பெரியப்பா காலமான பிறகு, "பந்தலுக்கு வராதீர்கள்" என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. "வாருங்கள்" என்றும் யாரும் சொன்னதில்லை. வேலை ஒரு சௌகரியமான சாக்காக இருந்துவிட்டது, அவருக்கும் சரி, எங்களுக்கும் சரி.

ஆகவே நான் அந்த ஜாபிதாவைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் புதிதாக ஒன்று எழுதினேன். முதல் வரி இதுதான்: "8-45. உக்கிராணம் பூட்டப்படும். பெரியம்மா முதல் வரிசையில்." மற்ற நேரங்களை எல்லாம் இந்த வரிக்கு முன்னும் பின்னுமாகக் கோத்தேன்.

மாதம் மாசி. தையில் கொடைக்கானல் குளிர் எலும்பைக் கடிக்கும், ஐப்பசி மழைக்காலம், சித்திரை, வைகாசி என்றால் ஊர் முழுவதும் அங்கேதான் இருக்கும். கிழமை திங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இறங்கிவிடும். ஓட்டல் வாடகையும் சற்று இறங்கும். சம்பந்தி வீட்டார் விடியற்காலை முகூர்த்தம்தான் வேண்டும் என்றார்கள். சமவெளியில் அது சரி. ஏழாயிரம் அடி உயரத்தில், பனியில், எண்பது வயதுப் பாட்டியைக் காலை நாலு மணிக்குத் தலை நனைய வைப்பதா? "ஒன்பதிலிருந்து பத்தரை வரை சுத்தமான நேரம். வெயிலும் வந்துவிடும், ஏரிமேல் பனியும் விலகிவிடும்" என்று சொன்னதும் சம்மதித்தார்கள்.

ஆனால் திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். பத்தரைக்கு எமகண்டம் பிறந்துவிடும். நடுவில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதனால் கணபதி பூஜை, காப்புக் கட்டு எல்லாவற்றையும் ஏழே காலுக்குள் முடித்துவிட்டோம். பிறகு ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதா? அங்கேதான் எனக்கு யோசனை பிறந்தது. நல்ல காரியம் தொடங்கத்தானே ராகு காலம் ஆகாது? இட்டிலிக்கு ஏது ராகு காலம்! ஏழரைக்குப் பந்தி போட்டோம். எட்டரைக்குள் இரண்டு பந்தியும் எழுந்துவிட்டது.

இட்டிலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மலைமேல் கலியாணம் செய்கிறவர்கள் ஏரியைவிட அடுப்பைத்தான் கவனிக்க வேண்டும். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அந்த உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்துவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள்! கொதிப்புதான் இருக்குமே தவிர, பருப்பை வேகவைக்கும் சூடு இருக்காது. துவரம் பருப்பு நீங்கள் எத்தனை நேரம் கெஞ்சினாலும் மசியாது. இரவே ஊறப்போட்டு, ஆவியை அடக்கி வேகவைக்கும் பெரிய குக்கரில் போட வேண்டும். எங்களோடு திண்டுக்கல்லிலிருந்து வந்த சமையல்காரர் சாம்பார்ப் பருப்பை விடியுமுன்பே வேகவைத்து இறக்கிவிட்டார். அதனால்தான் முகூர்த்த நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள அவரும் அவர் ஆட்களுமே போதுமென்று ஆயிற்று.

மாவும் அப்படியே. குளிரில் இட்டிலி மாவு லேசில் புளிக்காது. கீழேயே அரைத்து, புளிக்க வைத்து, பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்பி எடுத்துக்கொண்டு போனோம். மலை ஏற ஏற மாவும் கூடவே ஏறுகிறது! தேங்காயெண்ணெயும் நெய்யும் கல்லாக உறைந்துவிடும். ஹோமத்துக்கான நெய்யை அடுப்பின் பக்கத்திலேயே வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். தவில்காரருக்கும் அரை மணி நேரம் வெயில் ஒதுக்கினேன். பனி ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டால் கெட்டிமேளம் கெட்டியாக இராது.

முதல் நாளுக்கும் ஒரு ஜாபிதா உண்டு. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 95 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். 2024 மே 7 முதல், வண்டிகளுக்கு இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் மலை ஏற வேண்டும் என்று ஐகோர்ட்டு உத்தரவு. அந்த வருஷம் நவம்பரில் 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்களையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஒரே பெரிய பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் உத்தேசத்தை விட்டு, நாலு வேன் பிடித்தோம். எல்லாவற்றுக்கும் பாஸை முதல் வாரமே எடுத்தாயிற்று. நிலக்கோட்டை மல்லிகையை மொட்டாகவே வாங்கிக்கொண்டோம். பாட்டிக்கு முன் ஸீட். கையில் காய்ந்த நாரத்தங்காய். கொண்டை ஊசி வளைவுகளுக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டோம். போய்ச் சேர்ந்ததும் மத்தியானம் முழுவதும் பெரியவர்களுக்கு ஓய்வு என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு போட்டேன். சாயங்காலம் குறிஞ்சியாண்டவர் தரிசனம். இலங்கை ராமநாதன் சீமாட்டி 1936-ல் கட்டிய கோயில். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து பழனி தெரியும்.

திங்கட்கிழமை 8-45-க்கு உக்கிராண வாசலுக்குப் போனேன். பெரியம்மா வெற்றிலையை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சாவியைக் கொடுங்கள், பெரியம்மா."

"அப்புறம் தாம்பூலப் பைக்குப் பாக்கு யாரடி எடுத்துக் கொடுப்பது?"

"யாரும் இல்லை. பத்தே கால் வரை பாக்கு கிடையாது."

பூட்டினேன். திண்டுக்கல் பூட்டு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு! அதை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரியம்மா நகர்ந்தார். பந்தலுக்குள் வந்ததும் பின் வரிசையைத் தேடினார். பெண் மணையிலிருந்தே, "பெரிய பாட்டி, இங்கே!" என்று கூப்பிட்டாள். சம்பந்தியம்மாள் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஒரு கணம் திக்கென்றது. அவர் தம் சால்வையை ஒதுக்கிக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டார்.

9-40-க்குக் கெட்டிமேளம். பெரியம்மா அட்சதை போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போட்டு முடித்த பிறகு, எழுந்து போய், இரண்டு பேர் தலையிலும் தனித்தனியாகப் போட்டார்.

பத்தரைக்கு மேல் தம்பதி படகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆகையால் போட்டோவைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தது நல்லதாயிற்று. பதினொன்றரைக்கு இலை. மூன்று மணிக்கு வேன்கள் கிளம்பின. வெளிச்சம் இருக்கும்போதே மலை இறங்கியாயிற்று. ஜாபிதாவின் கடைசி வரி, "பாத்திரங்களை எண்ணவும்" என்பது. எண்ணினோம். ஒரு கரண்டி அதிகமாக இருந்தது. யாருடையது என்று பெரியம்மா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.