ஹைட்ரஜன் எங்கே நிற்கிறது?

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் கதையில் 51ஆம் எண் படத்துக்குத் தரப்படும் இடம் எனக்கு வெகுகாலமாக உறுத்தல். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வில் ரேமண்ட் காஸ்லிங் 1952 மே மாதம் எடுத்த எக்ஸ்கதிர்ப் படம் அது. அதைக் கண்டதும் ஜேம்ஸ் வாட்சனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று கதையை முடித்துவிடுகிறார்கள். ஃபிராங்க்ளினுக்குச் சேரவேண்டிய பெருமை உரிய காலத்தில் சேரவில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் கேள்வி வேறு. அந்தப் படம் சுருள் வடிவத்தைச் சொல்லும், 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் காரங்கள் அடுக்கப்பட்டிருப்பதையும், 34 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு சுற்று முடிவதையும் சொல்லும். அந்தக் காரங்களில் அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் சேரும் என்ற செய்தி அதில் எங்கேயும் இல்லை. அப்படியானால் இந்த இணை எங்கிருந்து வந்தது?

எர்வின் சார்காஃபிடமிருந்து என்பார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் நான்கு காரங்களையும் பிரித்து அளந்தார். உயிரினத்துக்கு உயிரினம் அளவு மாறினாலும் அடினைனும் தைமினும் ஏறத்தாழச் சமம், குவானைனும் சைட்டோசினும் ஏறத்தாழச் சமம். 1950இல் இதை எழுதியபோது, இது தற்செயலா என்று இன்னும் சொல்வதற்கில்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். அந்த நிதானத்தைக் கைநழுவிய வாய்ப்பு என்று எழுதுவது அநியாயம். எண்ணிக்கை சமமாக இருப்பதாலேயே இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன என்று ஆகாது. ஒரே இழையில் அடுத்தடுத்து வந்தாலும் கணக்கு அப்படியே இருக்கும். அதற்கும் முன்னால், 1947இல், நாட்டிங்ஹாமில் ஜே. எம். கல்லண்டின் குழு கன்றின் தைமஸ் சுரப்பி டி.என்.ஏ.வில் அமிலமும் அல்கலியும் சேர்த்துப் பார்த்து, காரங்களுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் இருப்பதைக் கண்டது. ஆனால் அந்தப் பிணைப்புகளை அவர்கள் ஹைட்ராக்சில் தொகுதிகளின்மேல் வைத்து யோசித்தார்கள். கல்லண்ட் அதே ஆண்டு ரயில் விபத்தில் இறந்துபோனார். இந்தத் தடம் அங்கேயே நின்றுவிட்டாலும், எதைத் தேடவேண்டும் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான்: ஹைட்ரஜன் எந்த அணுவின்மேல் இருக்கிறது என்பதை.

அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் ஜெர்ரி டோனஹ்யூ. லைனஸ் பாலிங்கிடம் பயின்றவர். கேம்பிரிட்ஜில் வாட்சனோடும் அவருடைய சக ஆய்வாளர் கிரிக்கோடும் ஒரே அறையில் இருந்தார். 1953 பிப்ரவரியில் வாட்சன் அடினைனை அடினைனோடும் தைமினைத் தைமினோடும் சேர்த்து ஒரு மாதிரியைக் கட்டிக்கொண்டிருந்தார். சார்காஃபின் எண்கள் அவரை அப்போது தடுக்கவில்லை. குவானைனிலும் தைமினிலும் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கும் ஈனால் வடிவத்தைப் பாடநூலில் பார்த்து வரைந்திருந்தார். அந்தப் படங்கள் தவறு, ஹைட்ரஜன் பக்கத்து நைட்ரஜனில் இருக்கும் கீட்டோ வடிவமே சரி என்று டோனஹ்யூ மறித்தார். வாட்சன் புதிய வடிவங்களை அட்டையில் வெட்டி மேசைமேல் நகர்த்திப் பார்த்தபோது, அடினைன்-தைமின் இணையும் குவானைன்-சைட்டோசின் இணையும் ஒரே அளவில் அமைந்தன. சார்காஃபின் எண்களுக்கு அன்றுதான் பொருள் கிடைத்தது.

சுருளின் விட்டம் சீரானது, ஆகவே பெரிய காரத்துக்கு எதிரே சிறியதுதான் நிற்க முடியும், அதைச் சொல்ல எக்ஸ்கதிர்ப் படம் போதாதா என்று கேட்கலாம். போதாது. அடினைனும் சைட்டோசினும்கூடப் பெரியதும் சிறியதும்தான். ஹைட்ரஜன் அரிதாக இடம் மாறினால் அடினைன் சைட்டோசினைப் பிடித்துக்கொள்ளும், திடீர் மாற்றங்களுக்கு அது காரணமாகலாம் என்று வாட்சனும் கிரிக்கும் 1953 மே மாதமே எழுதினார்கள். நார்களிலிருந்து எடுத்த அன்றைய எக்ஸ்கதிர்ப் படங்களில் ஹைட்ரஜன் தெரியாது. ஏப்ரல் 25ஆம் தேதி வந்த அவ்விருவரின் முதல் கட்டுரையிலும் கீட்டோ வடிவம் அனுமானமாகத்தான் இருக்கிறது. அதை அவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அனுமானம் என்றால், அது நிரூபணமானது எப்போது? இந்தக் கேள்வி என் தேடலைத் திசைமாற்றியது. 1959இல் கார்ஸ்ட் ஹூக்ஸ்டீன், மெத்தில் ஏற்றிய அடினைனையும் தைமினையும் சேர்த்துப் படிகமாக்கினார். இரண்டும் இணைந்தே இருந்தன, ஆனால் அடினைன் தன் வேறொரு பக்கத்தைக் காட்டியிருந்தது. வாட்சன்-கிரிக் இணை அந்தப் படிகத்தில் இல்லை. 1969இல் சயன்ஸ் இதழில் ஒருவர் எழுந்து, டி.என்.ஏ.வின் எக்ஸ்கதிர்த் தரவுகள் இந்த இணையை நிரூபிக்கவில்லை என்று வாதிட்டார். அவர் அதே ஜெர்ரி டோனஹ்யூ. தன் திருத்தத்தால் பிறந்த இணைக்கே அவர் சான்று கேட்டதைப் பிடிவாதம் என்று சிலர் ஒதுக்கலாம். எனக்கு அது இந்த வரலாற்றிலேயே மிக நேர்மையான செயலாகத் தோன்றுகிறது. தரவுகள் எந்த அளவுக்குப் பேசும் என்பதை அறிந்து அவர் பேசினார்.

இணை வேலை செய்கிறதே, செல்கள் பிரியும்போது பிரதி எடுபடுகிறதே, இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்பது கனமான மறுப்புதான். எது எதோடு சேரும் என்பதை அது உறுதிப்படுத்தும். எந்தப் பக்கத்தால் சேரும் என்பதை உறுதிப்படுத்தாது. அணு அணுவாகப் பார்த்த விடை 1973இல் எம்.ஐ.டி.யில் அலெக்சாண்டர் ரிச்சின் குழுவிடமிருந்து வந்தது. அது டி.என்.ஏ.விலிருந்து வரவில்லை. இரண்டே அலகு நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டுகளின் படிகங்களில், அடினைன் (தைமினுக்குப் பதிலாக அங்கே உள்ள) யுராசிலோடும் குவானைன் சைட்டோசினோடும் கேம்பிரிட்ஜ் அட்டைகள் காட்டிய அதே பக்கத்தால் இணைந்திருந்தன. ஒரு முழுச் சுற்று நீளமுள்ள டி.என்.ஏ. துண்டைப் படிகமாக்கி ரிச்சர்ட் டிக்கர்சனின் குழு காட்டியது 1980இல். ஹூக்ஸ்டீன் கண்ட இணையும் பொய்யாகவில்லை. இயல்பான டி.என்.ஏ. சுருளிலேயே காரங்கள் நொடியின் சிறு பின்னத்துக்கு அந்த நிலைக்குப் புரண்டு திரும்புவதை 2011இல் காந்த ஒத்ததிர்வு முறையால் அளந்திருக்கிறார்கள்.