ரமண நகர்: மலைக்கு எதிர்வீட்டுக்காரர்கள்!

திருவண்ணாமலைக்குப் போய்வருபவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். அண்ணாமலையார் தரிசனம், 14 கிலோமீட்டர் கிரிவலம், திரும்பி வரும்போது பேருந்தில் இடம் கிடைக்காத கதை.

அதே கிரிவலப் பாதையில், கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில், செங்கம் சாலையை ஒட்டி ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. பெயர், ரமண நகர். அங்கே ராஜகோபுரம் இல்லை, டிக்கெட் வாங்கிப் பார்க்கும் எதுவும் இல்லை. வீடுகள், மளிகைக்கடை, தையல்கடை, டீக்கடை, துணி காயும் மொட்டைமாடிகள், அவ்வளவுதான். ஆனாலும் உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் இந்தத் தெருக்களைத் தேடி வருகிறார்கள். சிலர் ஒரு வாரம் தங்குகிறார்கள், சிலர் மூன்று மாதம். வந்தவர்களில் திரும்பிப் போகாமலே இருந்துவிட்டவர்களும் உண்டு.

ஊரைப் பார்க்கப் போவதற்கும், ஆட்கள் குடியிருக்கும் தெருவைப் பார்க்கப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ரமண நகரைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

விடியற்காலைத் தெரு

காலை ஐந்தரை மணி. வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பால்காரரின் வண்டி ஒவ்வொரு கேட்டாக நின்று நகரும். கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி, கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வெள்ளைக்காரர் ஒருவர் ஆசிரமத்தை நோக்கி நடப்பார். கோலம் போடும் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அவருக்கு இது தினம் பார்க்கும் காட்சி.

செங்கம் சாலைக்கு வந்தால் காட்சி மாறிவிடும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி, பெங்களூரு பக்கம் போகும் நெடுஞ்சாலை இது. லாரியும் பேருந்தும் ஹாரன் அடித்தபடி பறக்க, சாலையோரம் காவி உடுத்திய சாதுக்கள் டீ டம்ளரோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டோக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார்கள். கடைப் பலகைகளில் தமிழோடு ஆங்கிலமும், சில வருடங்களாகத் தெலுங்கும் சேர்ந்திருக்கிறது. ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வரும் பக்தர்கள் பெருகியிருப்பதன் அடையாளம் அது.

இந்த இரைச்சலிலும் சற்று நின்று தலையைத் தூக்கினால் மலை தெரியும். 2,668 அடி உயர அண்ணாமலை. ரமண நகரில் நிறைய வீடுகளின் மொட்டைமாடிக்கு அதுதான் எதிர்வீடு.

காடாக இருந்த இடம்

நூறு வருடங்களுக்கு முன்பு இங்கே நகர் எதுவும் இல்லை. திருச்சுழியில் பிறந்து, மதுரையிலிருந்து 16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிய வேங்கடராமன், 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்துசேர்ந்தார். அவர்தான் பிற்காலத்தில் ரமண மகரிஷி. கோயிலின் ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், விருபாட்ச குகை, கந்தாஸ்ரமம் என்று பல இடங்களில் இருந்தார்.

1922 மே மாதம் அவருடைய தாயார் அழகம்மாள் காலமானார். மலையின் தென் அடிவாரத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தச் சமாதிக்குத் தினமும் இறங்கி வந்துகொண்டிருந்த ரமணர், அந்த வருடக் கடைசியில் அங்கேயே தங்கிவிட்டார். முதலில் இருந்தது வெறும் ஓலைக் கொட்டகை. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ரமணாஸ்ரமம்.

அப்போது அந்த இடம் எவ்வளவு ஒதுக்குப்புறமாக இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்துக்குத் திருடர்கள் வந்தார்கள். எதிர்க்க வேண்டாம் என்று சீடர்களைத் தடுத்த ரமணருக்கே தொடையில் அடி விழுந்தது. திருடர்களுக்குக் கிடைத்ததோ சொற்பம்தான்.

1931-ல் இங்கே வந்துபோன ஆங்கிலப் பத்திரிகையாளர் பால் பிரன்டன், மூன்று வருடம் கழித்து வெளியிட்ட புத்தகம் ரமணரின் பெயரை மேல்நாடுகளுக்குக் கொண்டுபோனது. 1938-ல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார். ஆட்கள் வர வர, தங்க இடம் தேவைப்பட்டது. ஆசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்தில் சிலர் குடிசை போட்டார்கள். சிலர் சாலைக்கு இந்தப் பக்கம் சிறு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். குடும்பங்கள் வந்தன, கடைகள் வந்தன, தெருக்கள் உருவாயின. இப்படித்தான் ஒரு நகர் பிறந்தது.

இங்கே வளர்ந்த ஒரு சிறுவன்

அப்படி வந்த குடும்பங்களில் ஒன்று ஆர்தர் ஆஸ்போர்னுடையது. ஆங்கிலேயரான அவர் பாங்காக்கில் பேராசிரியராக இருந்தவர். 1941-ல் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். இரண்டாம் உலகப்போர் அங்கேயும் பரவியது. ஜப்பானியரின் சிறைமுகாமில் அடைக்கப்பட்ட அவர், போர் முடிந்தபிறகுதான் குடும்பத்தைப் பார்க்க முடிந்தது. 1964-ல் ஆசிரமத்தின் 'மவுன்டன் பாத்' இதழைத் தொடங்கியவர் அவர்தான்.

அவருடைய மகன் ஆடம் ஆஸ்போர்ன் அண்ணாமலை அடிவாரத்தில், தமிழ் பேசிக்கொண்டு வளர்ந்தார். பின்னாளில் அமெரிக்காவுக்குப் போன அவர், 1981-ல் 'ஆஸ்போர்ன் 1' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டார். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர்களில் வியாபார ரீதியாக முதலில் வெற்றி பெற்றது அதுதான். எடை சுமார் 11 கிலோ! இன்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ரமண நகர் கஃபேக்களில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பலருக்கு இந்தத் தகவல் தெரியாது. ஆடம் கடைசிக் காலத்தில் தமிழ்நாட்டுக்கே திரும்பிவந்து, 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

ஒரு நாள் போதுமா?

சென்னையிலிருந்து பேருந்துகளுக்குக் குறைவில்லை. 2024 மே முதல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்தும் நேரடி ரயில் ஓடுகிறது. மாலையில் கிளம்பினால் நள்ளிரவு வாக்கில் திருவண்ணாமலை. அந்த நேரத்தில் குடியிருப்புத் தெருவுக்குள் ஆட்டோவில் போய் இறங்கி, வீட்டுக்காரரைக் கூவி எழுப்பாமல் இருக்க, முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு நண்பரோடு போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டினரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பாஸ்போர்ட்டையும் விசாவையும் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

காலையில் ஆசிரமம். முற்றத்தில் பழைய இலுப்பை மரம், சுவரில் மயில், சந்தர்ப்பம் பார்த்துக் காத்திருக்கும் குரங்கு. ரமணர் பல வருடங்கள் இருந்த பழைய ஹாலில் இருபது பேர் இருந்தாலும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். பசு லட்சுமியின் சமாதியைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். 1948-ல் இறந்த அந்தப் பசுவை, மனிதர்களுக்குரிய மரியாதையோடு இங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். முற்பகலில் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சாப்பாடு போடுவார்கள். மாலை ஆறரை மணிக்குத் தமிழ்ப் பாராயணம். தமிழ் எழுத்துகூடத் தெரியாத வெளிநாட்டினர், தங்கள் மொழி எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துக் கூடவே பாடுவதைக் கேட்கும்போது, நம் வீட்டுப் பிள்ளைகள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆசிரமத்தின் பின்வாசலிலிருந்து கந்தாஸ்ரமத்துக்குக் கல் பாவிய பாதை போகிறது. நேரக் கட்டுப்பாடு உண்டு, கேட்டுக்கொண்டு ஏறவேண்டும். அங்கிருந்து பார்த்தால் மொத்தக் கோயிலும் விரித்துவைத்த கோலம் மாதிரி தெரியும்.

மற்ற நேரத்தைத் தெருவுக்கே கொடுத்துவிடலாம். பக்கத்திலேயே சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், சாலையோரம் தட்சிணாமூர்த்தி கோயில். உள்தெருக்களில் இட்லிக் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இத்தாலிய உணவு, அதற்கு எதிரே இஸ்திரி வண்டி. ஒரு தெருவின் ஒரு நாளை முழுதாகப் பார்க்க, ஒரே டீக்கடைக்கு மூன்று வேளை போனால் போதும். மூன்றாவது முறை, சர்க்கரை எவ்வளவு என்று கடைக்காரர் கேட்க மாட்டார்.

மாடிகள் உயர்ந்த கதை

இவ்வளவு பேர் வந்து தங்குவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. அதைக் கொடுப்பது பயணி மட்டுமல்ல.

நவம்பரிலிருந்து மார்ச் வரை வெளிநாட்டினர் அதிகம் வரும் காலம். தீபமும் அதையொட்டியே வருகிறது. சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு நல்ல வருமானம். ஓட்டு வீடுகள் இருந்த மனைகளில் இரண்டு, மூன்று மாடிகள் எழுந்து, மாடிக்கு மாடி அறைகள் வந்துவிட்டன. வாடகைக்குக் குடியிருக்கும் உள்ளூர்க் குடும்பங்களின் நிலைமை வேறு. ஒரு மாத வாடகையை ஒரு வாரத்தில் கொடுக்க வெளியாள் தயாராக இருக்கும்போது, அவர்கள் வீட்டுக்காரரிடம் என்ன பேரம் பேச முடியும்?

பௌர்ணமி வந்தால் நிலைமை இன்னும் சிரமம். லட்சக்கணக்கானவர்கள் இந்தச் சாலையில் நடப்பார்கள். வாகனங்களை ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் கூட்டத்தைக் கடந்துதான் போகவேண்டும். முந்தின நாளே காய்கறி வாங்கி, வண்டியை வெளியே நிறுத்தி, மாதம் ஒருமுறை முற்றுகைக்குத் தயாராவதுபோல் தயாராகும் வீடுகள் உண்டு. கூட்டம் கலைந்த மறுநாள் காலை, வாசலில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலையும் பாக்குத்தட்டையும் கூட்டி அள்ளுவதும் அவர்கள்தான். அவர்களோடு தூய்மைப் பணியாளர்களும்.

மலையும் ஒரு முறை எச்சரித்துவிட்டது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், திருவண்ணாமலையில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1 மாலை, மலையடிவாரத்தில் இருக்கும் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த மாதம் 13-ம் தேதி மகாதீபத்தன்று, பொதுமக்கள் மலை ஏறத் தடை விதிக்கப்பட்டது. தீபம் மட்டும் வழக்கம்போல ஏறியது.

வ.உ.சி. நகரும் ரமண நகரும் வேறு வேறு பகுதிகள். ஆனால் மலை ஒன்றுதான். கீழே சமதரையில் ஒரு சென்ட் நிலத்தின் விலை ஏற ஏற, வசதி இல்லாதவர்களுக்கு மிஞ்சுவது சரிவுதான். 'மலை தெரியும் அறை' என்று கேட்டு வாங்கும் பயணி, மலையை இன்னும் நெருக்கமாகப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடைமழைக்கும் தூங்காமல் விழித்திருக்கும் வீடுகளும் இதே ஊரில் இருப்பதை மறந்துவிடக் கூடாது.

விருந்தாளியாக இருப்பது எப்படி?

இதற்காக யாரும் போகாமல் இருக்க வேண்டியதில்லை. வருபவர்களால்தான் ஆட்டோக்காரருக்கும், பூக்காரம்மாவுக்கும், அறை துடைக்க வரும் அக்காவுக்கும் வருமானம். எப்படிப் போகிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

பௌர்ணமியையும் வார இறுதியையும் தவிர்த்து ஒரு செவ்வாய், புதன் போகலாம். தெருவுக்கும் மூச்சு விட இடம் இருக்கும், பயணிக்கும் மலை நன்றாகத் தெரியும். கோலம் போடுபவரையும் திண்ணையில் இருக்கும் பாட்டியையும் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கலாம். சாதுக்களும் காட்சிப்பொருள் அல்ல. தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் மொட்டைமாடிப் பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை இருக்கலாம்.

இருட்டியபிறகு பாராயணம் முடிந்து ஆட்கள் தெருக்களில் கலைவார்கள். ஒரு வீட்டில் குக்கர் விசில், இன்னொரு வீட்டில் டிவி சீரியல், வாசலில் டியூஷன் முடிந்து வரும் சைக்கிள். காலையில் பயணிக்கு வெறும் தெருவாகத் தெரிந்தது, இரவில் யார் யாருடைய வீடோ என்று தெரிய ஆரம்பிக்கும். அறைக்குத் திரும்பும் வழியில் இஸ்திரிக்காரர், "சாப்டாச்சா சாமி?" என்று கேட்டால், போன காரியம் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.