பத்துமலை இருட்டுக் குகையும் குளக்கரை மருதமரமும்

மலேசியாவில் கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கிற பத்துமலை முருகனை நம் வாசகர்களில் பலர் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வாசலில் 140 அடி உயரச் சிலை, கோயிலுக்கு ஏற 272 படிகள். 2017-ல் தங்கை மகள் வீட்டுக்குப் போனபோது நாங்களும் ஏறினோம். முக்கால்வாசிப் படி ஏறியதும் இடதுபக்கம் ஒரு வழி பிரிந்தது. "இருட்டுக் குகை" என்று பலகை. "மாமா, உள்ளே வௌவாலும் கரப்பானும்தான் இருக்கும், வேண்டாமே" என்றாள் தங்கை மகள். வௌவால் எருவைப் பற்றி முப்பது வருடமாகப் பேசிக்கொண்டிருப்பவன் நான். அது உற்பத்தியாகிற இடத்தைப் பார்க்காமல் வர மனசு வரவில்லை. வீட்டம்மா முருகனைப் பார்க்க மேலே ஏறிவிட்டார்.

சீட்டு வாங்கியதும் தலைக்கவசமும் கைவிளக்கும் கொடுத்தார்கள். வழிகாட்டியாக வந்தது ஒரு இளம்பெண். மேல்கூரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நூறு தப்படிக்குள் வெளிச்சம் செத்துவிட்டது. நெடி மூக்கைத் துளைத்தது. கோழிப்பண்ணைக்குள் போய்வருகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. மேலே கண்ணுக்குத் தெரியாமல் கீச்சுச் சத்தம், அவ்வப்போது தலைக்கவசத்தில் பொட்டுப் பொட்டென்று ஏதோ விழுந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை.

கீழே எருக்குவியல். விளக்கை அதன்மேல் பிடித்தால் குவியலே நகர்வதுபோல் இருந்தது. அத்தனை கரப்பான்! அந்தக் குகைக்குள் வெயில் கிடையாது, செடி கிடையாது. வெளியே போய் மேய்ந்துவிட்டு வௌவால் கொண்டுவந்து போடுவதுதான் அங்கே விளைச்சல். அதைக் கரப்பான் தின்கிறது. கரப்பானையும் சில்வண்டையும் நீளக்கால் பூரான் பிடிக்கிறது. வௌவாலையே பிடித்துத் தின்கிற குகைப்பாம்பும் உண்டு. சுவரில் மண்ணால் மூடி செய்து, அதற்குள் ஒளிந்து இரை பிடிக்கிற மிகப் பழமையான சிலந்தி இனம் ஒன்றின் கூட்டையும் காட்டினார். பிறகு எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். முகத்துக்கு நேரே கையை நீட்டினேன், கை தெரியவில்லை. அமாவாசையில் மோட்டார் போடப் போகிற நமக்குக்கூட அந்த இருட்டு பழக்கமில்லாத இருட்டு.

கோயில் வருவதற்கு முன்பே, 1860-களில், சீனக் குடியேறிகள் இந்தக் குகைகளில் இருந்து எருவை வெட்டி எடுத்துக் காய்கறித் தோட்டத்துக்குப் போட்டிருக்கிறார்கள். பூச்சி தின்னும் வௌவாலின் புது எருவில் தழைச்சத்து அதிகம். நாள்பட்டு நீர் பட்ட எருவில் தழைச்சத்து கரைந்து ஓடி, மணிச்சத்து தங்கிவிடும். அதனால் 'வௌவால் உரம்' என்று யாராவது மூட்டையில் விற்றால், புதுசா பழசா என்று கேளுங்கள், முடிந்தால் சோதனைக்குக் கொடுங்கள். பாழடைந்த மண்டபத்தில் அள்ளப் போகிறவர்கள் வாயையும் மூக்கையும் நன்றாக மூடிக்கொண்டு, எருவைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே தொட வேண்டும். அந்தத் தூசியில் உள்ள ஒரு பூஞ்சணம் நுரையீரலைக் கெடுக்கும்.

எருவைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு சங்கதி. பத்துமலைக் குகைகளில் தேன் குடிக்கிற வௌவால் ஒன்று உண்டு. அது இரவில் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பறந்து கடலோர அலையாத்திக் காட்டுப் பூக்களைத் தேடிப் போகிறது. டுரியான் பூக்கிற காலத்தில் அதிலும் வந்து உட்காருகிறது. டுரியான் அந்த ஊருக்கு நம்ம ஊர் மாம்பழம் மாதிரி, நல்ல விலை. அதன் பூ இரவில்தான் மலரும், விடிவதற்குள் இதழ் உதிரும். மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு வௌவாலுடையது. பூவை நாசம் செய்கிறது என்று நினைத்து அதைச் சுட்ட தோட்டக்காரர்களும் உண்டு. நம் ஊரில் இலவம்பஞ்சு மரத்துக்கும் இலுப்பைக்கும் இதே வேலையைத்தான் பழந்தின்னி வௌவால் செய்கிறது.

இந்தக் குகையை 2019-ல் சுற்றுலாவுக்கு மூடிவிட்டார்கள். பார்த்தது என் அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் ஒரு ஊர்க் குளக்கரையில் பெரிய மருதமரம், நிறைய வௌவால். கேரளாவில் நிபா என்று தொலைக்காட்சியில் வந்ததும் மரத்தை வெட்ட வேண்டும் என்று ஊரில் பேச்சு எழுந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். "சார், புள்ளைங்க இருக்கிற ஊர், நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?" என்று ஒரு பெரியவர் நேராகக் கேட்டார். நியாயமான கேள்வி. நிபாவைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. 1998-99-ல் அதே மலேசியாவில்தான் அது முதலில் தெரியவந்தது, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பன்றிக் கொட்டகைக்கு மேலேயே பழமரங்கள். வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. அப்படியானால் தடுக்க வேண்டியது அந்த வழியை. மரத்தை வெட்டினால் வௌவால் ஊரைவிட்டுப் போகாது, பக்கத்துத் தோப்புக்குப் போகும். விரட்டப்பட்டு மிரண்டு கிடக்கும் வௌவாலிடமிருந்து கிருமி அதிகம் வெளியேற வாய்ப்பு உண்டு என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

எனவே நான் சொன்னது இவ்வளவுதான். மரத்தடியில் இருக்கும் ஆட்டுக் கொட்டகையை இடம் மாற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். கடித்த பழத்தை, கொறித்த பழத்தைப் பிள்ளைகள் எடுக்கவே கூடாது, கால்நடைக்கும் போடக் கூடாது. பதநீர், கள் கலயத்துக்கு மூடி வையுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள், கடித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். கொட்டகை மறுவாரமே இடம் மாறியது. மரம் இதை எழுதும் வரை நிற்கிறது.

தீராதது ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் ஒன்றரை ஏக்கர் சப்போட்டா வைத்திருக்கும் விவசாயி, "உங்க பேச்சு எல்லாம் சரி சார், என் பழத்துக்கு யார் காசு கொடுப்பா?" என்கிறார். மரம் முழுக்க வலை போட்டால் கட்டுப்படியாகாது. மீன்பிடி நரம்பு வலை போட்டால் வௌவாலும் ஆந்தையும் சிக்கிச் சாகும். இப்போதைக்கு முற்றியதும் மரத்தில் பழுக்க விடாமல் பறிக்கிறார், ஓரத்து நாலு மரங்களை மட்டும் வௌவாலுக்கென்று விட்டிருக்கிறார். இந்தப் போகத்தில் எவ்வளவு மிச்சப்பட்டது என்று கணக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். சப்போட்டா, கொய்யா வைத்திருப்பவர்கள் வேறு வழி செய்து பார்த்திருந்தால் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள், அவரிடம் காட்டுகிறேன்.