பங்கில் விளங்கும் அறம்

கூட்டு வணிகத்தில் நட்டத்தைவிட இலாபமே பலவேளை நட்பைப் பிரிக்கிறது. முதலிட்டவர் ஒருவர், விடியல்முதல் கடையில் நின்று உழைப்பவர் மற்றொருவர். எழுத்தில் உடன்பாடு இல்லையேல், 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் இருவருக்கும் சமபங்கே வழங்கும்; உழைத்தவர் தனிச் சம்பளம் கோர இயலாது, முதலிட்டவர் வட்டி கோர இயலாது. ஆதலால், மனம் ஒத்திருக்கும்போதே ஊதியம், வட்டி, எஞ்சிய இலாபத்தின் விகிதம் மூன்றையும் எழுதிக்கொள்வது நன்று.

நகரத்தார் அக்காலத்தில் பர்மாவின் வட்டிக்கடைகளுக்கு மூன்றாண்டுத் தவணையில் அனுப்பிய மேலாட்களுக்குச் சம்பளத்தோடு இலாபத்திலும் பங்கு அளித்தனர். அறப்பணிக்கென மகமையும் எடுத்துவைத்தனர்.

இருபதுக்குக் குறைந்த ஊழியர் உள்ள சிறு கடைகளைப் போனஸ் சட்டம் பெரும்பாலும் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே மனச்சான்றே சட்டம். ஆயுதபூசையன்று தராசுக்குச் சந்தனமிடுவோர், ஆண்டெல்லாம் அத்தராசைப் பிடித்த கையையும் நினைந்து கொடுப்பாராயின், அதுவே நிறைவான பூசை.