யார் பார்க்கலாம்?

பெரியப்பாவின் சினிமா நோட்டில் பக்கத்துக்கு ஐந்து கட்டங்கள். தேதி, படம், கொட்டாய், மார்க், கடைசியில் ‘யார் பார்க்கலாம்’. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நீல மையில் எழுதியிருக்கிறார். ‘அம்மாவைக் கூட்டிப் போகலாம், அழுகை உண்டு.’ ‘பசங்களுக்கு வேண்டாம்.’ ‘பாட்டுக்காக ஒருமுறை.’ ‘நல்ல படம், ரெண்டாம் ஆட்டத்துக்குப் பெண்கள் வேண்டாம், வழி இருட்டு.’

கண்டாச்சிபுரத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்குச் சினிமாவைக் கட்டம் கட்டி எழுதிவைக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது? நோட்டு என் கைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விதான்.

முதல் தடயம் மார்க்கிலேயே இருந்தது. ஆரம்பப் பக்கங்களில் அந்தக் கட்டமே கிடையாது. 1977 கடைசியில் திடீரென்று முளைக்கிறது. அதுவும் நூற்றுக்கு இத்தனை என்று, சில படங்களுக்கு அரை மார்க்கோடு. அந்த அரை மார்க் எனக்கு வழி சொன்னது. அந்த வருடம் வந்த ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் விமர்சனக் குழு 62.5 மார்க் கொடுத்தது. இன்றுவரை பேசப்படும் மார்க் அது. ஊரில் விகடன் வாங்கும் வீடுகள் குறைவு. நூலகத்திலோ முடிதிருத்தும் கடையிலோ படித்திருப்பார். ஆனால் அதை அப்படியே பின்பற்றவில்லை. அடுத்த வருடம் வந்த ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு விகடன் 61 போட, இவர் 70 போட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரே வரி: ‘அண்ணன் தங்கை உள்ளவர்கள் அவசியம்.’

சிவாஜி படங்களில் மட்டும் மார்க் கொஞ்சம் தாராளம். வி.சி. கணேசன் என்ற பெயரில் உள்ள ‘வி’ விழுப்புரம் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அந்தச் சலுகையை நான் குறையாக எண்ணவில்லை.

மார்க் வந்த வழி தெரிந்துவிட்டது. எழுதும் பழக்கம் அதற்கும் முந்தையது. அதைத் தேடிச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். பழைய பாட்டுப் புத்தகங்களும் பத்திரிகைகளும் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. 1935இல் தொடங்கிய ‘சினிமா உலகம்’, பிறகு ‘பேசும் படம்’, பி.ஆர்.எஸ். கோபாலின் ‘குண்டூசி’ என்று தமிழில் படத்தைப் பற்றி எழுதுவதற்கென்றே பத்திரிகைகள் வரிசையாக வந்திருக்கின்றன. அவற்றுக்கும் முன்னால், முப்பதுகளின் விகடனில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் பாட்டையும் ஆட்டத்தையும் அலசிக்கொண்டிருந்தார்.

இவற்றின் அருமை எனக்கு உறைத்தது ‘காளிதாஸ்’ பற்றிப் படித்தபோதுதான். 1931 அக்டோபர் 31, தீபாவளியை ஒட்டி வந்த முதல் தமிழ் பேசும் படம். டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். இன்று அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படமான ‘சேவாசதனம்’ (1938) படத்துக்கும் அதே கதி. படம் போய்விட்டது, பாட்டுப் புத்தகமும், விளம்பரமும், பார்த்தவர்கள் எழுதிவைத்ததும் மிச்சம். பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாளெல்லாம் புகைப்படமும் தகவலும் சேர்த்திருக்காவிட்டால், எத்தனையோ படங்களில் நடித்தவர்களின் பெயர்கூட நமக்குக் கிடைத்திருக்காது. 2016இல் அவர் மறைந்தபோது தமிழ் சினிமாவின் பதிவேடே போய்விட்டதாகப் பலரும் வருந்தியது மிகையில்லை.

பெரியப்பாவின் நோட்டில் இருக்கும் ஒரு விஷயம் மட்டும் இந்தப் பத்திரிகைகளில் இருக்க வழியில்லை. சென்னையில் இருந்தவர்கள் புதுப் பிரதியைப் பார்த்து எழுதினார்கள். எங்கள் பக்கத்து டூரிங் கொட்டாய்க்குப் படம் வரும்போது பல ஊர் சுற்றி, கீறல் விழுந்து, துண்டு துண்டாக ஒட்டப்பட்டு வரும். ஒற்றை புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. ‘ரெண்டு பாட்டு வெட்டு.’ ‘சண்டையில் பாதி இல்லை.’ ‘திருக்கோவிலூரில் முழுசாக ஓடுகிறது, அங்கே பார்க்கவும்.’ ஒரு படம் கிராமத்துக்கு எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியை நான் பார்த்ததில்லை.

கடைசிக் கட்டத்துக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. நான் புரட்டிய எந்த விமர்சனமும் ‘இதை உன் அம்மாவுக்குக் காட்டு’ என்று எழுதவில்லை. அத்தையிடம் கேட்டேன்.

“எங்க அப்பாரு பொம்பளைங்கள லேசுல சினிமாவுக்கு வுட மாட்டாரு. ‘பெரியவன் மொதல்ல பாத்துட்டு வந்து சொல்லட்டும்’னுடுவாரு. அண்ணன் மொத நாளே போய்ட்டு வந்து நோட்டுல எழுதுனாத்தான் நாங்க தலையே சீவுவோம். அப்பறம் தெருவுல இருக்கறவங்களும் வந்து கேக்க ஆரம்பிச்சாங்க. யார்கிட்ட இன்னா சொன்னோம்னு மறந்துடக் கூடாதே, அதுக்குத்தான் அந்தக் கட்டம்.”

நான் பத்திரிகைகளில் தேடிக்கொண்டிருந்தது வீட்டு வாசலிலேயே இருந்திருக்கிறது. அனுமதிச் சீட்டாகத்தான் அந்த விமர்சனம் பிறந்தது. தாத்தாவின் மிரட்டலுக்கும் தங்கைகளின் ஆசைக்கும் நடுவே நின்று ஒருவர் எழுதியது. எந்தப் படம் நல்ல படம் என்பதோடு, எதிரே நிற்பவர் எதற்கு அழுவார், எதற்குச் சிரிப்பார், எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பரிந்துரை என்பதை அவ்வளவு பொறுப்போடு செய்திருக்கிறார் என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை.

அதே கட்டத்தில்தான் என்னை உறுத்திய வரியும் இருக்கிறது. 1978 தீபாவளிக்கு வந்த ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’. ஸ்ரீப்ரியா, கமல், ரஜினி. பெரியப்பா 64 போட்டுவிட்டு, ‘நடிப்பு பிரமாதம். வீட்டுப் பெண்கள் வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறார். தனக்குப் பிடித்த படத்தையே தங்கைகளிடமிருந்து தள்ளிவைத்திருக்கிறார். அனுமதி வாங்கித் தரும் கைக்கு மறுக்கும் அதிகாரமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அன்பில்தான் செய்தார் என்றாலும் அது அநியாயம்தான்.

அத்தைக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் அந்தப் படத்தை டிவியில் பார்த்திருக்கிறாராம், பேரன் பேத்தி எடுத்த பிறகு.

“அந்தப் பொண்ணு பேசறதுல இன்னா தப்பு? கல்யாணத்துக்கு முன்னாடி நான் பாத்துருக்க வேண்டிய படம்” என்றார். பிறகு நோட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, “64 பத்தாது. 80 போடு. பக்கத்துல எழுது, எல்லாப் பொண்ணுங்களும் பாக்கலாம்னு” என்றார்.

பெரியப்பாவின் வரிக்குக் கீழே, அத்தையின் பெயர் போட்டு, அப்படியே எழுதினேன்.