வீடு திரும்பிய நாள்

எம் தம்பி மனநோய் மருத்துவமனையில் மூன்று திங்கள் இருந்து, 2017ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலுள்ள எமது இல்லத்திற்குத் திரும்பினான். சித்தப்பிளவு என்று மருத்துவர் கூறிய அந்நோயினால் அவன் செவியில் ஒலித்த குரல்கள் அடங்கியிருந்தன. ஆகையால் ஆபத்து நீங்கிற்றென்றே நாம் எண்ணினோம். பாயசம் காய்ச்சி உற்றாரை அழைத்தோம். பையன் வெளியூர் போயிருந்தான் என்று பொய்யும் புகன்றோம். பின்னர் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

மூன்றாம் வாரத்தில் அவன் தன் கைக்கடிகாரத்தை எம் மகனுக்குக் கொடுத்துவிட்டான். அன்பின் அடையாளமென்று நாம் மெச்சினோம். எதிர்வீட்டு அம்மையாரோ மெச்சவில்லை. ஓய்வு பெற்ற தாதியாகிய அவர் அவனருகில் அமர்ந்து, "தம்பி, உயிரை விட்டுவிடலாமென்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேட்டார். இல்லாத எண்ணத்தை இவர் ஊட்டுகிறாரே என்று நாம் சினந்தோம். அவனோ, "ஆமம்மா, பத்து நாளாய் அதே நினைவு" என்று சொல்லிக் குழந்தைபோல் அழுதான். அன்றிரவே மருத்துவரிடம் கொண்டு சென்றோம்.

அங்கேதான் எம் அறியாமை விளங்கிற்று. மருத்துவமனையை விட்டு வெளிவந்த முதல் சில வாரங்களே இந்நோயினர்க்குப் பேராபத்தான காலமாம். மயக்கம் தெளியுங்கால் போன வேலையும், நின்ற மணப்பேச்சும், ஊரார் பார்வையும் கண்முன் நிற்கின்றன, காவலோ குறைந்துவிடுகின்றது. சித்தப்பிளவு உற்றோரில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் தற்கொலையால் மாள்கின்றனர். ஆயினும் இது தடுக்கக் கூடியதே. குளோசபைன் என்னும் மருந்து தற்கொலை முயற்சிகளைக் குறைப்பதை 2003இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. இரத்தப் பரிசோதனையோடு அதனை உட்கொள்ளல் வேண்டும். நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை என்பதும் ஆராய்ந்தோர் கண்ட உண்மை.

நிற்க. அக்கேள்வியை நாம் ஏன் கேட்கவில்லை? அச்சமும் நாணமுமே காரணம். அந்நாளில் தற்கொலைக்கு முயல்வதே குற்றம். சிங்கப்பூரில் அச்சட்டம் 2020 ஜனவரி முதல் நாளில் ஒழிந்தது. மலேசியாவில் 2023இல் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தும் நம்மவர் நாணம் ஒழிந்தபாடில்லை. பேயென்று தாயத்துக் கட்டுவோரும், குலத்துக்கு இழுக்கென்று கதவடைப்போரும் இன்னும் உளர்.

எம் தம்பி இன்று நலமாய் வேலைக்குப் போகின்றான். கடிகாரமும் அவன் கைக்கே திரும்பிவிட்டது. அன்பர்காள்! உங்கள் இல்லத்திலும் ஒருவர் அவ்வாறு திரும்பி வரின், விருந்தோடு நின்றுவிடாதீர். அடுத்த மருத்துவ நாள் எதுவென்று அறியுங்கள். மருந்துகளை ஒருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். அவரைத் தனிமையில் விடாதீர். ஐயம் எழுந்தால் அன்போடு நேராகக் கேளுங்கள். சிங்கப்பூரில் 1767 என்னும் எண்ணில் இரவும் பகலும் செவிசாய்ப்போர் உள்ளனர். கேட்பதற்கு வெட்கப்பட்டுப் பின்னர் அழுவதிலும், இன்று கேட்டு உடனழுவது மேல்.