என் தமக்கையின் மின்னேற்றி

இம்மலரில் காப்பியச் சுவை பற்றியும் நாட்டு நலன் பற்றியும் எழுதுவார் பலர் இருப்பர். யானோ, கைப்பிடிக்குள் அடங்கும் கரிய பெட்டி ஒன்றைப்பற்றி எழுதப் புகுந்தேன். சார்ஜர் என யாவரும் வழங்கும் மடிக்கணினி மின்னேற்றியே அது. இத்துணைச் சிறு பொருளில் எழுதுதற்கு என்ன உளது என்று நகைக்கும் அன்பர்கள் சிறிது பொறுத்துப் படிப்பாராக.

சென்ற கார்த்திகைத் திங்களில் ஓரிரவு என் மின்னேற்றி உயிர் நீத்தது. நாடோறும் அதனைப் பையினுள் திணித்துத் திணித்து, அதன் கம்பி கழுத்தருகே முறிந்துவிட்டமையே காரணம். நெய்தல் திணையைப்பற்றி யான் எழுதிவந்த பருவக் கட்டுரை பாதியளவில் மடிக்கணினியின் உள்ளே கிடந்தது. அதனை ஒப்படைக்க எஞ்சியிருந்தவை 12 நாட்கள்.

எந்தையார் மறைந்தபின் எம் குடும்பம் என் தமக்கையின் வருவாயால் நடைபெறுவது. அவள் எங்களூர்த் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகின்றாள். மறுநாட் காலையிலேயே யான் அவளைத் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, 65 வாட்டு மின்னேற்றி ஒன்று உடனே வேண்டும், பணம் அனுப்பு" என்றேன். அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "பார்க்கிறேன், தம்பி" என்றாள்.

மூன்றாம் நாள் பொதி ஒன்று வந்தது. பணம் அன்று, பழைய சேலைத் துணியில் சுற்றப்பட்ட மின்னேற்றி. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்படி, 2018-இல் பள்ளியிறுதி வகுப்பில் அவள் பெற்ற கணினிக்கு உரியது அது. அதன் முதுகில் 20 வோல்ட், 2.25 ஆம்பியர் என அச்சிடப்பட்டிருந்தது. என்னுடையதன்மேல் இருந்தது 20 வோல்ட், 3.25 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கின் வாட்டு ஆதலின், அவளது 45, எனது 65. முனை இரண்டிற்கும் ஒன்றே. செருகினேன். ஆற்றல் குறைந்த மின்னேற்றி இணைக்கப்பட்டுள்ளது என்று திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றி மறைந்தது.

அன்றிரவு வழக்கம்போலத் திரையை முழு ஒளியில் வைத்தேன். ஒருபுறம் திரைப்படம் ஓட, மறுபுறம் இருபதுக்கு மேற்பட்ட பக்கங்கள் திறந்து கிடக்க, கைப்பேசியையும் அக்கணினியின் பக்கவாயிலிலேயே செருகிவிட்டு எழுதத் தொடங்கினேன். கணினியும் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. மின்னேற்றி இணைந்திருந்தும், ஒரு மணி நேரத்தில் மின்கலத்தின் அளவு 60-லிருந்து 54 ஆயிற்று. எனக்குச் சினம் மூண்டது. தமக்கையை அழைத்து, "நீ அனுப்பியது எதற்கும் உதவாது, செலவுக்கு அஞ்சிக் குப்பையை அனுப்பிவிட்டாய்" என்றேன். அந்தோ! நாவினால் ஒருவன் செய்யும் பிழைகளுள் அதனினும் பெரியது ஒன்று உண்டோ? அவள், "சரி தம்பி, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று மட்டும் கூறினாள்.

விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் இயற்பியல் பயிலும் நண்பன் ஒருவன் உளன். மறுநாள் அவன் மின்னாற்றல் அளக்கும் சிறு கருவி ஒன்றைச் சுவர்த் துளைக்கும் மின்னேற்றிக்கும் இடையே பொருத்தினான். முந்திய இரவு யான் செய்தவற்றையெல்லாம் மீண்டும் செய்யச் சொன்னான். எண் 50-ஐ எட்டி, அதற்குமேல் ஏறாது நின்றது. "வெப்பமாய்க் கழிவது போக, 45 வாட்டையும் இது முழுமையாகத் தருகின்றது. நீ அதற்கு மேலும் கேட்கின்றாய். அக்குறையை மின்கலம் ஈடுசெய்வதால் அது வற்றுகின்றது. ஒற்றைக் கவலை இறைக்கும் கிணற்றை நம்பி இரட்டை வயலுக்கு நீர் பாய்ச்சினால், தொட்டியில் தேக்கிய நீரும் குறையத்தானே செய்யும்?" என்றான்.

பின்னர் மின்கலம் நிறைந்திருந்த வேளையில், திரைப்படத்தை நிறுத்தி, வேண்டாப் பக்கங்களை மூடி, கைப்பேசியை அகற்றி, ஒளியைப் பாதியாக்கி, எழுதும் பக்கம் ஒன்றையே வைத்து அளந்தான். கருவி காட்டியது 12 வாட்டளவே! நெய்தல் பாடல்களைப்பற்றி எழுதுதற்கு எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். எஞ்சியதெல்லாம் என் வீண் பெருக்கம்.

அவன் உரைத்த வேறு சிலவும் அன்பர்க்குப் பயன்படும். வாட்டுக் குறையலாம், வோல்ட்டோ ஒத்திருத்தல் வேண்டும். முனை பொருந்துவது ஒன்றே போதாது. ஆற்றல் குறைந்த மின்னேற்றியை இனங்கண்டு, பெறுவதை அளவிற் சுருக்கிக்கொள்ளும் கணினிகள் பல. சில, மின்னேற்ற மறுத்துவிடும். இனங்காணும் திறனில்லாதனவோ, மின்னேற்றியின் அளவுக்கு மேல் இழுத்து அதனைச் சுடச்செய்யும். டைப்-சி வகையில் இரு கருவிகளும் முன்னரே தம்முள் வினவி, 5, 9, 15, 20 வோல்ட் என்பவற்றுள் இயன்றதைத் தெரிந்துகொள்ளும். கைப்பேசிச் சிறு மின்னேற்றிகள் பல 20 வோல்ட்டைத் தாரா ஆதலின், அவற்றைக் கொண்டு மடிக்கணினியை இயக்கக் கருதுவது பெரும்பாலும் வீண். எவ்வகையாயினும், உழைக்கும் மின்னேற்றியைத் தலையணைக்கும் போர்வைக்கும் அடியில் வைத்தலாகாது. காற்றோட்டமுள்ள தரையில் வைத்தல் வேண்டும்.

அன்றுமுதல் யான் அவ்வாறே ஒழுகினேன். உணவுக்கூடத்திற்குச் செல்லும்போது கணினியை உறங்க வைத்து மின்னேற்றினேன். திரும்புகையில் கலம் பெரும்பாலும் நிறைந்திருந்தது. கட்டுரை குறித்த நாளுக்கு ஒருநாள் முன்னரே முடிந்தது. திரைப்படம் ஓடாமையும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒளியாது கூறுகின்றேன்.

இத்துடன் கதை முடிந்திருப்பின் இதனை எழுதத் துணிந்திரேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, கூடத்து மூலையில் தமக்கையின் கணினி துணியால் மூடப்பட்டிருந்தது. அதன் மின்கலம் எப்போதோ பாழாகிவிட்டது. சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரையே அது இயங்கும். அதனைக் கொண்டே அவள், கடையிலிருந்து திரும்பிய பின் இரவில் இரண்டு மணி நேரம், அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துவந்தாளாம். மின்னேற்றியை எனக்கு அனுப்பிய நாள்முதல் அது இருண்டு கிடந்தது. இதனை அவள் சொல்லவில்லை. அன்னையார் அடுக்களையில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

யான் குப்பை என்றது, அவளிடம் இருந்த ஒன்றேயொன்றை. 45 வாட்டு உடையவள் 45-ஐயும் தந்தாள்; தனக்கென ஒரு வாட்டும் வைத்துக்கொள்ளவில்லை. யானோ எண் ஏறவில்லையென்று வைதேன். எனக்கு உண்மையில் வேண்டுவது எவ்வளவு என்று ஒருநாளேனும் அளந்து பார்த்தேனா? அவள் எத்துணைச் சூடேறி நின்றாள் என்று தொட்டுப் பார்த்தேனா?

விடுமுறை கழிந்து மீண்டபின், கல்லூரிக்கு அருகே பள்ளிச் சிறுவர் இருவருக்கு மாலையில் தமிழ் கற்பித்தேன். இரண்டு திங்களில் சேர்ந்த தொகையைக் கொண்டு, 20 வோல்ட், 65 வாட்டு மின்னேற்றி ஒன்றை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி உளதாவெனப் பார்த்து வாங்கினேன். சிறிய மின்னேற்றியிடம் பெரிய கணினி மிகுதியாய்க் கேட்டால்தான் இடர். பெரிய மின்னேற்றியால் சிறிய கணினிக்கு இடரில்லை. வோல்ட் ஒத்திருப்பின், அது தனக்கு வேண்டிய அளவே பெற்றுக்கொள்ளும். ஆதலின் புதியதை நான் வைத்துக்கொள்ளவில்லை. அதே சேலைத் துணியில் சுற்றித் தமக்கைக்கு அனுப்பினேன்.

பொதி கிடைத்த இரவு அவள் அழைத்தாள். "உனக்கு, தம்பி?" என்றாள். "எனக்கு உன்னுடையதே போதும், அக்கா" என்றேன்.

இக்கட்டுரையும் அந்த 45 வாட்டில் எழுதப்பட்டதே.